கோயம்புத்தூர் டு கோயிம்ப்ரா: ஒரு பட்ஜெட் கதை

பரீட்சை, புராஜெக்ட், வைவா எல்லாம் முடிஞ்சு இப்பத்தான் மூச்சு விட நேரம் கிடைச்சிருக்கு. கிளாஸ்ல பாதிப் பேரு "என்னடா, ஐரோப்பா போறேன்னு அவ்வளவு அலப்பறை பண்ணினே, என்னாச்சு?"ன்னு கேக்கறீங்க. ஒவ்வொருத்தருக்கா பதில் சொல்றதுக்கு ஒரே தடவையா இங்க எழுதிடறேன். ஐரோப்பா போக எவ்வளவு ஆகும்னு தேடிட்டு வர்ற முன்பின் தெரியாத நண்பர்களுக்கும் உபயோகப்படலாம். கணக்கு நிறைய வரும், பொறுத்துக்குங்க. பி.காம் படிக்கறவன் வேற என்னத்தை எழுதுவான் :-)

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். ஆரம்பிச்சது கேன்டீன்ல. நாங்க மூணு பேரு. ஒருத்தன் திருப்பூர், அவங்கப்பா பனியன் கம்பெனி வெச்சிருக்கார். இன்னொருத்தனோட அம்மா அரசுப் பள்ளில டீச்சர். மூணாவது நான். ஊரு சோமனூர்ப் பக்கம், அப்பா எட்டுத் தறி போட்டு கூலிக்கு நெய்யறார். திருப்பூர்க்காரன் மொபைல்ல மேப்பை நோண்டிட்டே இருந்தவன் திடீர்னு கத்தினான். "டேய், போர்ச்சுகல்ல கோயிம்ப்ரான்னு ஒரு ஊரு இருக்குடா! நம்ம ஊர் பேரைப் பாதில முழுங்கின மாதிரியே இருக்கு!"

அவ்வளவுதான், முடிவாயிடுச்சு. கோயம்புத்தூர்க்காரன் கோயிம்ப்ராவைப் பாக்கலைன்னா எப்படி?

அப்புறம் தேடிப் படிச்சா விஷயம் சுவாரசியமாத்தான் இருந்துச்சு. கோயிம்ப்ரா ஒரு காலேஜ் ஊரு. 1290ல ஆரம்பிச்ச பல்கலைக்கழகம், 1537ல இருந்து நிரந்தரமா அங்கதான் இருக்கு. 2013ல யுனெஸ்கோ பட்டியல்லயும் சேந்திருக்கு. அதை விடுங்க. நாம தினமும் பேசற ஜன்னல், அலமாரி, சாவி, மேசை, ஏலம் எல்லாம் போர்ச்சுக்கீசியர்கள் விட்டுட்டுப் போன வார்த்தைங்க. 1554லயே லிஸ்பன்ல ரோமன் எழுத்துல தமிழை அச்சடிச்சு ஒரு சின்னப் புத்தகம் போட்டிருக்காங்க. சொந்தக்காரங்க ஊருக்குப் போற மாதிரி ஒரு உரிமையே வந்துடுச்சு எங்களுக்கு.

இன்னொரு காரணமும் இருக்கு. ஸ்விட்சர்லாந்து, நார்வே மாதிரி விலையைப் பாத்ததும் நெஞ்சு அடைக்கற நாடு இல்லை போர்ச்சுகல். நடுத்தரம். காபி ஒரு யூரோ சொச்சம், மதியச் சாப்பாடு பத்து யூரோ பக்கம். "சல்லிசான நாடு"ன்னு எல்லாரும் எழுதறாங்க. அந்த வார்த்தையை நம்பித்தான் நான் எக்ஸெல் ஷீட்டைத் திறந்தேன்.

முதல் கணக்கு: செலவாகற பணம்

10 நாள், 10 ராத்திரி. லிஸ்பன்ல 6, போர்ட்டோல 4. கோயிம்ப்ரா இந்த ரெண்டு ஊருக்கும் நடுவுல ரயில் பாதையிலயே வருது. அதனால போற வழில ஒரு பகல் இறங்கிப் பாத்துக்கலாம்.

யூரோவை 110 ரூபாய்னு போட்டேன். "ஏன்டா இவ்வளவு?"ன்னு டீச்சர் மகன் சண்டைக்கு வந்தான். 2025 ஆரம்பத்துல ஒரு யூரோ 90 ரூபாய்க்குப் பக்கத்துல இருந்துச்சு. அதே வருஷக் கடைசில 105ஐத் தாண்டிடுச்சு. நாம பட்ஜெட் போடற தேதிக்கும் காசு மாத்தற தேதிக்கும் நடுவுல ஆறு மாசம் இருக்கு. அந்த ஆறு மாசத்துல என்ன நடக்கும்னு நம்ம ஃபாரின் ட்ரேட் பாடத்துல படிச்சதை நாமளே மறந்தா எப்படி?

ஒரு ஆளுக்கு அங்க ஆகற செலவு:

ஹாஸ்டல் படுக்கை, ராத்திரிக்கு 28 யூரோ வீதம்: 280
ஊர் வரி: 36
சாப்பாடு, நாளைக்கு 20 வீதம்: 200
மெட்ரோ, டிராம், பஸ்: 50
லிஸ்பன் - போர்ட்டோ போக வர: 50
நுழைவுச் சீட்டு: 60
சிம், சில்லறை: 24
மொத்தம்: 700 யூரோ. அதாவது 77,000 ரூபாய்.

ஊர் வரின்னா என்னன்னு கேப்பீங்க. தங்கற ஒவ்வொரு ராத்திரிக்கும் நகராட்சி ஆளுக்கு இவ்வளவுன்னு வாங்குது. லிஸ்பன்ல 2024 செப்டம்பர்ல இருந்து 4 யூரோ, முன்னாடி 2 தான் இருந்துச்சு. போர்ட்டோல 3. ரூம் புக் பண்ற இடத்துல இது தெரியாது, சில இடத்துல போய் இறங்கின அப்புறம் கையில கேப்பாங்க. 36 யூரோன்னா கிட்டத்தட்ட 4,000 ரூபாய். சும்மா விடற காசா?

சாப்பாட்டுல ஒரு பொறி இருக்கு. ஹோட்டல்ல உக்காந்ததும் நாம கேக்காமலே ரொட்டி, வெண்ணெய், ஆலிவ் காய் எல்லாம் கொண்டு வந்து வெப்பாங்களாம். நம்ம ஊர் மெஸ்ல பொரியல், ரசம், மோர் எல்லாம் கேக்காம வருதே, அப்படித்தான்னு நெனச்சு கை வெச்சா பில்லுல வந்துடும். கூவேர்னு பேரு. வேண்டாம்னு சொல்லித் திருப்பி அனுப்பினா காசு இல்லை. குழாய்த் தண்ணி தாராளமா குடிக்கலாம். ரெண்டு வேளை சூப்பர் மார்க்கெட் ரொட்டி, பழம், தயிர்னு ஓட்டினாத்தான் 20 யூரோக்குள்ள நிக்கும்.

திருப்பூர் நண்பனோட அப்பா துணிக் கண்காட்சிக்குன்னு அடிக்கடி அந்தப் பக்கம் போறவர். அவர் சொன்னது ரெண்டு விஷயம். ஒண்ணு, நம்ம சாதாரண பேங்க் கார்டைத் தேய்ச்சா பல பேங்க் மூணரை சதவீதம் வரைக்கும் மார்க்கப் போட்டு, அதுக்கு மேல ஜி.எஸ்.டி.யும் சேர்க்கும். மார்க்கப் இல்லாத கார்டைத் தேடி வாங்கிட்டுப் போகணும். ரெண்டு, அங்க மெஷின்ல "ரூபாய்ல கட்டறியா, யூரோல கட்டறியா"ன்னு கேட்டா எப்பவும் யூரோன்னுதான் சொல்லணும். ரூபாய்னு பாசமா அமுக்கினா அவன் வெச்சதுதான் ரேட்டு.

அடுத்தது விமானம். கோவைல இருந்து கிளம்பணும்னுதான் ஆசை. கூட்டிக் கழிச்சுப் பாத்ததுல பெங்களூரு போய் ஏறி, வழில ஒரு இடத்துல மாறிப் போறதுதான் எங்களுக்குத் தோதா இருந்துச்சு. ஜூலை, ஆகஸ்ட் கூட்டத்தை விட்டுட்டு முன்கூட்டியே பாத்தா போக வர 70,000. பெங்களூரு போய் வர 2,000. ஆக 72,000.

கடைசியா காகிதச் செலவு. புது பாஸ்போர்ட் 1,500. ஷெங்கன் விசா 90 யூரோ, 2024 ஜூன்ல 80ல இருந்து ஏத்தினாங்க, நம்ம கணக்குக்கு 9,900. விண்ணப்ப மையத்தோட சேவைக் கட்டணத்துக்கு 3,000 ஒதுக்கினேன். மருத்துவ இன்சூரன்ஸ் 1,500, குறைஞ்சது 30,000 யூரோவுக்கு எடுக்கணும்ங்கறது விதி. கைரேகை வெக்க நேர்ல போகணும், அதுக்கு சேரன் எக்ஸ்பிரஸ்ல சென்னை போய் வர 2,000. ஃபோட்டோ, ஜெராக்ஸ், நோட்டரி 1,100. மொத்தம் 19,000.

77,000 + 72,000 + 19,000 = 1,68,000. ஆத்திர அவசரத்துக்கு 12,000. ரவுண்டா 1,80,000 ரூபாய்.

இங்கதான் காஸ்ட் அக்கவுன்டிங் சார் ஞாபகத்துக்கு வந்தார். விமானமும் காகிதமும் சேந்து 91,000. நான் அங்க ஒரு நாள் இருந்தாலும் இருபது நாள் இருந்தாலும் அது மாறாது. ஃபிக்ஸட் காஸ்ட். ஒரு நாளைக்கு 7,700 மட்டும்தான் வேரியபிள். அஞ்சு நாள்ல திரும்பினா நாளுக்கு 25,900 விழும். பத்து நாள்னா 16,800. பதினஞ்சு நாள்னா 13,800க்குள்ள.

இன்னொண்ணு பாருங்க. அங்க ஆகற செலவு ரெண்டு மடங்கு ஆகற நாட்டுக்கு இதே பத்து நாள் போனா 91,000 + 1,54,000 = 2,45,000. நம்மது 1,68,000. "பாதி விலை நாடு"ன்னு போனா மிச்சம் பாதி இல்லை, மூணுல ஒரு பங்கு கூட முழுசா இல்லை. சல்லிசான நாடுங்கறது போய் இறங்கின அப்புறம்தான் சல்லிசு. அதை அனுபவிக்கணும்னா அதிக நாள் தங்கணும். ரெண்டு நாள்ல ஒரு நாடுன்னு ஓடறவங்களுக்கு எல்லா நாடும் ஒரே விலைதான்.

பேக்கேஜ் டூர்ல போறவங்களுக்கு ஒரு வார்த்தை. அதுல டி.சி.எஸ்.னு ஒரு வரியை முன்னாடியே பிடிப்பாங்க. விகிதம் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறுது. ரிட்டர்ன் போட்டா கழிச்சுக்கலாம், இல்லைன்னா திரும்ப வாங்கலாம். ஆனா அது வரைக்கும் அது நம்ம பணம் இல்லை.

ரெண்டாவது கணக்கு: போனா வராத பணம்

விசா மறுத்துட்டா 90 யூரோ திரும்ப வராது. சேவைக் கட்டணமும் வராது. சென்னை போன செலவு எப்படியும் வராது. பாஸ்போர்ட் கையில இருக்கும், இன்சூரன்ஸை பெரும்பாலும் ரத்து பண்ணிக்கலாம். மீதி 16,000 ரூபாய் கோவிந்தா.

2024ல இந்தியால இருந்து சுமார் 11 லட்சம் பேரு ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பிச்சிருக்காங்க. அதுல ஒன்றரை லட்சத்துக்கு மேல மறுத்திருக்காங்க. ஏழு பேர்ல ஒருத்தருக்கு இல்லைன்னு வெச்சுக்கலாம். அதனால செலவை வரிசைப்படுத்தறப்ப தேதி வாரியா போடாதீங்க, "திரும்ப வருமா, வராதா"ன்னு போடுங்க. விசா கைக்கு வர்றதுக்கு முன்னாடி 70,000 ரூபாய் டிக்கெட்டை வாங்கவே கூடாது. விண்ணப்பத்துக்கு ரிசர்வேஷன் போதும். ஹாஸ்டலும் கேன்சல் பண்ணா காசு திரும்பற மாதிரி புக் பண்ணணும், ராத்திரிக்கு ஒண்ணு ரெண்டு யூரோ கூட இருந்தாலும் பரவால்ல.

இது வரைக்கும் எல்லாம் சுமுகமா போச்சு. மூணு பேருக்கும் ஒரே ஷீட், ஒரே தொகை.

மூணாவது கணக்கு: காட்டற பணம்

இதை ஒரு பயணக் கட்டுரையிலயும் நான் பாக்கலை.

போர்ச்சுகல் விதிப்படி உள்ள நுழைய 75 யூரோ, தங்கற ஒவ்வொரு நாளுக்கும் 40 யூரோ வசதி இருக்குன்னு காட்டணும். பத்து நாளுக்கு 475 யூரோ. 52,250 ரூபாய். "ப்பூ, இவ்வளவுதானா"ன்னு நானும் சொன்னேன். ஆனா அவங்க பாக்கறது இன்னைக்கு கணக்குல எவ்வளவு இருக்குங்கறதை மட்டும் இல்லை. கடைசி சில மாச பேங்க் ஸ்டேட்மென்ட், வருமான வரி ரிட்டர்ன், மாணவனா இருந்தா செலவு பண்றவரோட கடுதாசி, அவரோட வருமான ஆதாரம். அந்தக் காகிதங்கள்ல ஒரு குடும்பம் எப்படி வாழுதுன்னு படிக்கறாங்க.

டீச்சர் மகன் அம்மாவோட சம்பளச் சீட்டை எடுத்து வெச்சான், வேலை முடிஞ்சுது. திருப்பூர்க்காரனுக்கு ஆடிட்டரே எல்லாத்தையும் ஃபைல் போட்டுக் குடுத்துட்டார்.

நான் எங்கப்பாவோட பாஸ்புக்கை என்ட்ரி போட்டு எடுத்துட்டு வந்தேன். வீட்டுத் திண்ணைல உக்காந்து பாத்தேன். பாவும் ஊடை நூலும் குடுக்கற வியாபாரிகிட்ட இருந்து கூலிப் பணம் வருது. அதே வாரம் சனிக்கிழமை வெளிய போகுது, ஆளுங்களுக்கு வாரக் கூலி. கரண்ட் பில்லு. என் காலேஜ் ஃபீஸ். 2025 மார்ச்ல கூலி உயர்வு கேட்டு கோவை, திருப்பூர் பக்கம் தறிங்க நின்னப்போ அந்த வாரங்கள்ல எதுவுமே வரலை, போனது மட்டும் இருக்கு. வருஷம் முழுக்க லட்சக்கணக்குல வந்து போயிருக்கு. ஒவ்வொரு மாசக் கடைசிலயும் மீதி மட்டும் நாலாயிரம், மூவாயிரத்தி எண்ணூறு, ஆறாயிரம். அப்பாவோட சேமிப்பெல்லாம் சீட்டுல இருக்கு, அது எந்த ஸ்டேட்மென்ட்லயும் வராது.

மூணு வருஷமா கேஷ் ஃப்ளோ படிக்கறேன். முதல் தடவையா அது என்னன்னு புரிஞ்சுது.

காந்திபுரத்துல ஒரு ஏஜென்ட்கிட்ட கேட்டேன். "இதெல்லாம் ஒரு விஷயமா தம்பி? அப்பா கணக்குல மூணு லட்சம் நாங்களே போட்டு வெக்கறோம். வேலை முடிஞ்சதும் எடுத்துக்கறோம். நூத்துக்கு மூணு ரூபா குடுத்துடுங்க"ன்னார். 9,000 ரூபாய். உண்மையைச் சொல்றேன், நான் அன்னைக்கே எக்ஸெல்ல ஒரு வரி சேத்துட்டேன். பேரு மட்டும் "இதர செலவு"ன்னு போட்டேன்.

ராத்திரி அப்பாகிட்ட மெதுவா சொன்னேன். தறிக்கு எண்ணெய் விட்டுட்டு இருந்தவர் துணில கையைத் தொடச்சுட்டே கேட்டார்.

"ஏஞ்சாமி, போறதுக்கு காசு வேணும், செரி. காசு இருக்குதுன்னு காட்டறதுக்கும் காசு வேணுமா?"

"ஆமாங்கப்பா. அப்படித்தானுங்க கேக்கறாங்க."

"அடுத்தவன் பணத்த நம்ம கணக்குல வெச்சுட்டு, நம்முதுன்னு நான் கையெழுத்துப் போடோணும். அதானே?"

எனக்கு பதில் வரலை. கம்பெனிங்க வருஷக் கடைசில பேலன்ஸ் ஷீட்டை அலங்காரம் பண்றதை விண்டோ டிரெஸ்ஸிங்னு பாடத்துல படிச்சு பத்து மார்க் வாங்கினவன் நான். ஜன்னல்ங்கற வார்த்தையே அவங்ககிட்ட வாங்கினது, அவங்ககிட்டயே ஜன்னல் அலங்காரம் பண்ணப் பாத்திருக்கேன் :-( திடீர்னு வந்து நிக்கற பெரிய தொகைதான் விசா அதிகாரிங்க முதல்ல சந்தேகப்படற விஷயம். மறுத்தா அந்த விவரம் ஷெங்கன் நாடுங்களோட பொதுப் பதிவுல அஞ்சு வருஷம் வரைக்கும் இருக்கும். ஆனா அது ரெண்டாவது காரணம். முதல் காரணம் எங்கப்பா கையெழுத்து.

ரெண்டு நாள் கழிச்சு அவரே வந்தார். "சீட்டை எடுத்துரலாம் சாமி."

மாசம் 10,000 கட்டற 2 லட்ச ரூபாய் சீட்டு, 20 பேரு. ஏழாவது மாசம் ஓடிட்டு இருந்துச்சு. இப்ப ஏலத்துல எடுத்தா 30,000 தள்ளு போகும், கைக்கு வர்றது 1,70,000. கடைசி வரைக்கும் பொறுத்தா கிட்டத்தட்ட முழுசா வரும். அந்தச் சீட்டு தங்கச்சிக்கு அடுத்த வருஷம் காலேஜ் ஃபீஸ் கட்டறதுக்குன்னு போட்டது. அந்த 30,000த்தையும் சேத்தா என் போர்ச்சுகல் 2,10,000. நண்பர்களோட போர்ச்சுகல் 1,80,000. ஒரே விமானம், ஒரே ஹாஸ்டல், ஒரே ரொட்டி. எனக்கு மட்டும் விலை வேற. அதிலயும் தங்கச்சியோட ஒரு வருஷம் அந்த விலைக்குள்ள சேரவே இல்லை. ஆப்பர்ச்சுனிட்டி காஸ்ட்னு ரெண்டு வார்த்தைல பரீட்சைல எழுதிட்டு வந்துடறோம்.

வேண்டாம்னு சொல்லிட்டேன்.

நண்பர்கள் ரெண்டு பேரும் எனக்காக தள்ளிப் போடறோம்னாங்க. அதுவும் வேண்டாம்னேன். யூரோ அடுத்த வருஷம் என்ன விலை விக்குமோ! என் எக்ஸெல் ஷீட்டோடதான் அவங்க போறாங்க. கூவேரைத் தொட்டீங்கன்னா கொன்னுடுவேன்னு சொல்லி அனுப்பறேன்.

இப்ப என்ன பிளான்?

ஜூலைல இருந்து ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல அக்கவுன்ட்ஸ் வேலை. சம்பளம் பெருசில்லை, ஆனா பேங்க்ல வரும். அதுல ஒரு ஆர்.டி. போடப் போறேன். வரி கட்டற அளவு வருமானம் இல்லைன்னாலும் ரிட்டர்ன் போடுவேன். ஒண்ணரை வருஷத்துல நான் வாழற மாதிரியே ஒரு ஸ்டேட்மென்ட் என் பேர்ல இருக்கும். அப்பாவுக்கும் ரிட்டர்ன் போட்டுக் குடுக்கறேன்னு சொல்லியிருக்கேன். விசாவுக்குன்னு இல்லை, நாளைக்கு தறிக்கு லோன் கேக்கணும்னாலும் அதே காகிதத்தைத்தான் கேப்பாங்க.

ஐரோப்பா பட்ஜெட் போடற நண்பர்களுக்கு என் அனுபவத்துல சொல்றது இதுதான். மூணு தொகையைத் தனித்தனியா எழுதுங்க: செலவாகறது, போனா வராதது, காட்ட வேண்டியது. முதல் தொகையைச் சேக்கறதுக்கு முன்னாடி மூணாவதை ஆரம்பிச்சுடுங்க. அதுக்குத்தான் பணத்தை விட காலம் அதிகம் வேணும். முதல் வருஷ ஜூனியர்ஸ் இதைப் படிச்சா, பார்ட் டைம் சம்பளத்தை கையில வாங்காம கணக்குல வாங்குங்க.

போன வாரம் அப்பா சாப்பிட்டுட்டே கேட்டார், "அந்த ஊர்ல தறி இருக்குதா?"

"இருக்குதுங்கப்பா. போர்ட்டோக்குப் பக்கத்துல துணி மில்லுங்க நிறைய இருக்குதாம். நம்ம திருப்பூர் மாதிரி."

கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "ரெண்டு பேருக்குன்னா கொஞ்சம் சல்லிசா வருமா?"

வராதுங்கப்பா, அது ஆளுக்கு ஆள் தனி ஃபிக்ஸட் காஸ்ட்டுன்னு சொன்னேன். ஆனா எக்ஸெல்ல இன்னொரு காலம் சேத்து வெச்சிருக்கேன்.

டிஸ்கி: டிக்கெட், ஹாஸ்டல் விலையெல்லாம் நான் தேடினப்ப பாத்தது. நீங்க போறப்ப புதுசா பாத்துக்குங்க. யூரோ ஏறினதுக்கு நான் பொறுப்பில்லை :-)